கேமை 4 டிகிரி தள்ளுவதற்கு முன், அது இப்போது எங்கே நிற்கிறது?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பழைய மாருதி எஸ்டீம் 1.3 கார்புரேட்டர் இன்ஜினை மண் டிராக் வண்டியில் போட்டிருக்கிறோம், அண்ணா. அறுவடை முடிந்த வயலில் போட்ட சின்ன நீள்வட்ட டிராக். ஹெட்டுக்கு ஃபேஸிங் செய்தாயிற்று. கோவையில் ஒரு புரோக்கரிடம் ரேஸ் கேமும், டிகிரி கோடு போட்ட கேம் புல்லியும் வாங்கினோம். வளைவு முடிந்து மிதித்தால் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. 4 டிகிரி அட்வான்ஸ் வை என்கிறார் விற்றவர். ரிட்டார்ட் வைத்தால்தான் ஸ்பீடு என்கிறான் நண்பன். எது சரி?"

உங்கள் டிராக்குக்கு அட்வான்ஸ்தான் தம்பி. கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. அதை முன்னால் தள்ளி வால்வு சீக்கிரம் திறந்து மூட வைப்பது அட்வான்ஸ், பின்னால் தள்ளித் தாமதிக்க வைப்பது ரிட்டார்ட். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். ஆர்.பி.எம். குறைவாக இருக்கும்போது, உள்ளே வந்த பெட்ரோல் காற்றில் ஒரு பங்கு அந்த வழியாகவே திரும்பிப் போய்விடும். கேமை அட்வான்ஸ் செய்தால் வால்வு சீக்கிரம் மூடும், கம்ப்ரெஷன் ஏறும், குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவை கிடைக்கும். அதிக ஆர்.பி.எம்.மில் கொஞ்சம் இழப்பீர்கள். நேர்ப்பாதை நீளமாக இருந்தால் உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. உங்கள் வயலில் ஏது நேர்ப்பாதை? ஒரு வளைவிலிருந்து வெளியே வந்ததும் அடுத்த வளைவு.

ஆனால் 4 டிகிரி என்பது எங்கிருந்து 4 டிகிரி? அதை விற்றவரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

ஹெட்டை ஃபேஸிங் செய்தால், அதாவது அதன் அடிப்பரப்பைச் சீவி எடுத்தால், கேம் கீழே உள்ள கிராங்க்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, பெல்ட் வழியாகக் கேமைச் சுற்றுவதும் இதுதான்) நோக்கி இறங்குகிறது. பெல்ட்டின் தொய்வை டென்ஷனர் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் கேம் பின்தங்கும். 1 மில்லிமீட்டர் எடுத்திருந்தால் கிராங்க் கணக்கில் சுமார் 2 டிகிரி ரிட்டார்ட். அதோடு கேமை அரைத்தவர் விட்ட பிசகு, புல்லியைத் தண்டில் பூட்டும் சாவிக்குழியின் பிசகு. புல்லியில் உள்ள குறிகளைப் பார்த்துப் புள்ளிக்குப் புள்ளி பெல்ட் மாட்டியிருக்கிறேன் என்று நீங்கள் எழுதினாலும் அதை நான் ஒரு கணக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஐ.டி.ஐ. முடித்து வரும் பையன்களுக்கும் இந்தப் புள்ளி பார்த்து மாட்டுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது. நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் கண்ணாடி அலமாரியில் பூட்டி இருக்கும். சாவி வாத்தியாரிடம். வாத்தியார் லீவில்.

அளப்பது கஷ்டமான வேலை இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கையாலேயே சுற்றுங்கள். முதலில் டாப்பெட் கிளியரன்ஸை (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி) சரியாக வையுங்கள், பிறகுதான் மற்றது. 360 டிகிரி தகட்டைக் கிராங்க்கில் மாட்டுங்கள். ஒரு பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்து, அதில் போல்ட் பொருத்தி, 1-ஆம் சிலிண்டரில் திருகுங்கள். பிஸ்டன் அதில் மெதுவாக முட்டும் வரை ஒரு பக்கம் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள், மறுபக்கம் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுதான் உண்மையான டாப், பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். தகட்டில் அங்கே 0 வையுங்கள். பிளக்கைக் கழற்ற மறக்காதீர்கள்.

இப்போது 1-ஆம் சிலிண்டர் இன்டேக் வால்வின் ரீட்டெய்னர் (வால்வு ஸ்பிரிங்கைப் பிடிக்கும் மேல் மூடி) மேல் டயல் கேஜை வால்வுக்கு நேராக வையுங்கள். இன்ஜின் ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள். தாண்டிவிட்டால் கால் சுற்று பின்னால் போய் மறுபடி வாருங்கள், இல்லாவிட்டால் பெல்ட் தொய்வு கணக்கைக் கெடுக்கும். வால்வு முழுதாக இறங்கும் இடத்துக்கு 1.25 மில்லிமீட்டர் முன்னால் ஒரு டிகிரி, தாண்டி 1.25 திரும்பியதும் ஒரு டிகிரி. 74-ம் 150-ம் வந்தால் கூட்டி இரண்டால் வகுங்கள், 112. டாப்புக்குப் பிறகு வால்வு முழுதாகத் திறக்கும் இடம் அது. கேமோடு வந்த அளவு அட்டையில் அந்த இடம் 108 என்று இருந்தால் உங்கள் கேம் ஏற்கெனவே 4 டிகிரி பின்தங்கி நிற்கிறது. விற்றவர் சொன்ன 4 அட்வான்ஸ் வைத்தாலும் இருக்க வேண்டிய இடத்துக்குத்தான் வந்து சேருவீர்கள்.

புல்லியில் உள்ள கோடு கேம் டிகிரியா, கிராங்க் டிகிரியா என்றும் பாருங்கள். கேம் ஒரு சுற்று சுற்றினால் கிராங்க் இரண்டு சுற்று. கோடு கேம் டிகிரியாக இருந்து நீங்கள் 4 தள்ளினால் கிராங்க்கில் அது 8. பெல்ட்டில் ஒரு பல் மாற்றிப் பார்க்கலாமா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கிராங்க் பக்கம் 20 பல் இருந்தால் ஒரு பல்லுக்கே 18 டிகிரி.

அடுத்து சொல்வதை எத்தனை பேரிடம் சொல்லியும் ஏறவில்லை. இந்த இன்ஜினில், ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டில், கேம் முனையிலேயே சுற்றுகிறது. கேமை 4 டிகிரி முன்னால் தள்ளினால் ஸ்பார்க்கும் அதே 4 டிகிரி முன்னால் போகும். ஸ்பார்க் முன்னால் போனாலே வண்டி துள்ளும். புரோக்கர்கள் பிழைப்பது இதில்தான். வீட்டுக்கே வந்து புல்லியைத் தளர்த்தி, திருப்பி, இறுக்கி, "ஓட்டிப் பாருங்க" என்பார்கள். வண்டி சீறும். பணம் கைமாறும். அடுத்த வாரம் நாக்கிங் (இன்ஜினுக்குள் தட்டும் சத்தம்), அப்புறம் பிஸ்டன் ஓட்டை. கேமைத் தொட்ட ஒவ்வொரு முறையும், ஸ்பார்க் விழும் இடத்தைக் காட்டும் டைமிங் லைட் பிடித்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, ஸ்பார்க்கைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகும் இழுவை கூடியிருந்தால்தான் அது கேம் தந்தது. இன்னொரு வழியும் உண்டு. கேமைத் தொடாமல் ஸ்பார்க்கை மட்டும் 2 டிகிரி முன்னால் வைத்து ஓட்டிப் பாருங்கள். அதிலேயே குறை தீர்ந்தால், ரேஸ் கேமுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

அந்த ரேஸ் கேமையும் சந்தேகப்படுங்கள். பழைய கேமின் அடிவட்டத்தை (மேடு இல்லாத வட்டப் பகுதி) அரைத்துச் சிறிதாக்கிவிட்டு, லிஃப்ட் (மேடு தூக்கும் அளவு) கூடிவிட்டது என்று விற்பது இங்கே பிழைப்பாகவே நடக்கிறது. மைக்ரோமீட்டரில் லோபின், அதாவது கேமின் முட்டை வடிவப் பகுதியின், மொத்த உயரத்தையும் அடிவட்டத்தின் குறுக்களவையும் எடுங்கள். கழித்தால் வருவது லிஃப்ட். உங்கள் ஒரிஜினல் கேமையும் அப்படியே அளந்து ஒப்பிடுங்கள். மேல் கடினத்தை அரைத்து எடுத்த கேம் ராக்கரையும் சேர்த்துத் தின்றுவிடும். அட்டை கொடுக்காதவரிடம் கேம் வாங்காதீர்கள். அட்டை கொடுத்தாலும் நம்பாமல் அளங்கள். ஒரே அட்டையை நகலெடுத்து எல்லா கேமுக்கும் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. ஃபேஸிங்கும் செய்து, லிஃப்ட்டும் கூட்டி, அட்வான்ஸும் வைத்தால் இன்டேக் வால்வு பிஸ்டனை நெருங்கும். ரிட்டார்ட் வைத்தால் எக்ஸாஸ்ட் நெருங்கும். பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை எண்ணெய் தடவி வைத்து, ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றி, மிக மெல்லிய இடத்தை அளங்கள். இன்டேக்கில் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டில் 2.5 இருக்க வேண்டும். சுற்றும்போது எங்காவது முட்டினால் அழுத்தாமல் நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் ஓடும் ரேஸ் பிரிவின் (கிளாஸ்) விதியில் கேம் மாற்ற அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக "ஓட்டுங்க, பார்த்துக்கலாம்" என்பவர், நீங்கள் ஜெயித்த அன்று ஆட்சேபம் வந்ததும் காணாமல் போவார். கேம் மாற்றிய வண்டியை மாநில எல்லையில் உள்ள வேலந்தாவளம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், லாரியில் ஏற்றுங்கள். எந்த மாநிலத்து அதிகாரி கேட்டாலும் ரேஸ் வண்டிக்கு அவர் படிவத்தில் ஒரு கட்டம் கிடையாது, உங்களை நிறுத்திவைத்து அந்தக் கட்டத்தைத் தேடுவார்.

சரி, இப்படித் தொடங்குங்கள். முதலில் கேமை அட்டையில் உள்ள எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் எழுதிவைத்து, அதே டயர் காற்றோடு, அதே டிரைவரோடு ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள். பிறகு கிராங்க் கணக்கில் 2 டிகிரி அட்வான்ஸ், ஸ்பார்க்கைச் சரிசெய்து மறுபடி நேரம் பாருங்கள். குறைந்தால் இன்னும் 2. அதற்கு மேல் போக வேண்டாம். நாக்கிங் கேட்டால் அந்த லேப்பிலேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் புல்லி போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள்.