சங்கத்துக்குச் சந்தா கட்டலாமா, வேண்டாமா?

பெங்களூர் அல்சூரில் பதினோரு வருடமாக மளிகைக்கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் ஏரியா வியாபாரிகள் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். நுழைவுக் கட்டணம் 3,000 ரூபாய், மாதச் சந்தா 200. சேராவிட்டால் ஸ்டாக்கிஸ்ட் சரக்கு போடமாட்டார், அதிகாரிகள் வந்தால் துணைக்கு ஆள் வராது என்கிறார்கள். கட்டுவதுதான் கட்டுகிறீர்கள், பெரிய சேம்பரிலேயே சேர்ந்துவிடுங்கள் என்கிறார் என் மச்சான். எது சரி?"

முதலில் அந்தச் சரக்கு மிரட்டலைப் பார்த்துவிடுவோம். சங்கத்தில் இருந்தால்தான் கடை நடத்தலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உறுப்பினர் இல்லாதவருக்குச் சரக்கு தராதே என்று சங்கம் ஸ்டாக்கிஸ்டுக்குக் கட்டளை போட்டால், 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் மாட்டிக்கொள்வது சங்கம்தான். மருந்து வியாபாரத்தில் இது வெகுநாள் பழக்கம். சங்கத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் புது ஸ்டாக்கிஸ்டை நியமிக்க விடமாட்டார்கள். அது தவறு என்று இந்தியப் போட்டி ஆணையம் பல உத்தரவுகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்தப் பயத்தில் பணம் கட்டாதீர்கள்.

ஆனால் வேறு காரணத்துக்காகக் கட்டலாம். 2025 ஜூலையில் நம் ஊரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். யுபிஐயில் வந்த பணத்தை வைத்துக் கணக்குப் போட்டு, வணிக வரித் துறை சின்னக் கடைகளுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடை எதையும் விடவில்லை. கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'கேஷ் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். ஜூலை 25 அன்று கடையடைப்பு என்று வியாபாரிகள் அறிவித்த பிறகு, 23ஆம் தேதி முதலமைச்சரே கூப்பிட்டுப் பேசினார். ஜிஎஸ்டியில் பதிவு செய்ய ஒப்புக்கொள்பவர்களிடம் பழைய பாக்கியை வசூலிப்பதில்லை என்று உறுதி தந்தார். தனியாக ஒரு கடைக்காரர் போய் நின்றிருந்தால் வாசல் காவலரைத் தாண்டியிருக்க முடியாது. சங்கத்தின் உபயோகம் இதுதான்.

அதன் எல்லையும் அங்கேயே தெரிந்தது. பேச்சுவார்த்தைக்குச் சங்கம் போகலாம். நோட்டீசுக்குப் பதில் நீங்கள்தான் போட வேண்டும். நான் கணக்கு பார்த்த ஒரு கடைக்காரர், தலைவர் பார்த்துக்கொள்வார் என்று நோட்டீசைக் கல்லாப்பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். தலைவரும் பொய் சொல்லவில்லை, மனு கொடுத்தார். அதற்குள் பதில் தர வேண்டிய தேதி தாண்டிவிட்டது.

உங்கள் கடைக்கு இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வரிவிலக்குள்ள பொருள் மட்டும் விற்பவர் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டாம். நீங்களோ வரியில்லாத பாலும் உதிரி அரிசியும் விற்கிறீர்கள், கூடவே சோப்பு, பிஸ்கட்டும் விற்கிறீர்கள். அப்போது பதிவுக்கான வருட விற்பனை வரம்பான 40 லட்சத்தைத் தாண்டினோமா என்று பார்க்கும்போது பால், அரிசி விற்பனையும் சேரும். தாண்டியிருந்தால், சின்ன வியாபாரிகளுக்கு ஒன்றரைக் கோடி விற்பனை வரை இருக்கிற காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தைப் பாருங்கள். வரி 1 சதவீதம். அதை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. இந்த மாதிரி விஷயத்துக்கு வருடம் ஒருமுறையாவது ஆடிட்டரை வரவழைத்து விளக்கம் சொல்ல வைக்கிற சங்கம் என்றால், கொடுக்கிற 200 ரூபாய் தகும்.

மச்சான் சொல்லும் பெரிய சேம்பர், கர்நாடக வர்த்தக, தொழில் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்கேசிசிஐயாகத்தான் இருக்கும். கெம்பேகௌடா ரோட்டில் இருக்கிறது. 1916இல் விஸ்வேஸ்வரய்யா முயற்சியில் மைசூர் சேம்பராகத் தொடங்கியது. மரியாதையான அமைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அது தொழிற்சாலை, ஏற்றுமதி, பட்ஜெட் கோரிக்கை என்று மாநில அளவில் பேசுகிற இடம்; உங்கள் தெருவில் சாக்கடை தோண்டிப் போட்டதை அங்கே சொல்ல முடியாது. மும்பையில் இருக்கும் ரீடெய்லர்ஸ் அசோசியேஷன் பெரும்பாலும் செயின் கடைகளுக்கானது. டெல்லியில் இருக்கும் வியாபாரிகள் கூட்டமைப்பான சிஏஐடி அகில இந்திய அளவில் குரல் கொடுக்கும். பத்து நிமிட டெலிவரி கம்பெனிகளின் அடிமாட்டு விலை உங்களை உறுத்துகிறதென்றால், 2024இல் அதைப் போட்டி ஆணையத்திடம் கொண்டுபோனது விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு. இவர்கள் யாரிடமும் நீங்கள் நேரடியாக உறுப்பினராக வேண்டியதில்லை. உங்கள் ஏரியா சங்கம் மேலே எதனுடன் இணைந்திருக்கிறது என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

என் ஓட்டு ஏரியா சங்கத்துக்குத்தான், பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்வீர்கள் என்றால். கர்நாடகச் சங்கப் பதிவுச் சட்டம் 1960இன் கீழ் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு எண்ணும், கடைசி இரண்டு வருட வரவுசெலவும் கேளுங்கள். பொதுக்குழு எப்போது நடந்தது, தேர்தல் எப்போது நடந்தது என்றும் கேளுங்கள். "அதெல்லாம் எதற்கு அண்ணா, நம்ம ஆளுங்கதானே" என்று பதில் வந்தால், டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். கணக்கு காட்டினால் சேருங்கள். பணத்தைச் சங்கத்தின் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்பி ரசீது வாங்குங்கள். அதைக் கடைச் செலவில் எழுதலாம். கர்நாடகம் உருவான நாளுக்கான ராஜ்யோத்சவ வசூல், கோயில் திருவிழா வசூல் எல்லாம் வேறு. அவற்றுக்கும் ரசீது கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

உறுப்பினர் அட்டையை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டினாலும் அது லைசென்ஸ் ஆகாது. மாநகராட்சி டிரேட் லைசென்ஸ், உணவுப் பாதுகாப்புப் பதிவு, பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் எல்லாம் உங்கள் பொறுப்புதான். பலகை விஷயத்தில் சங்கம் வேறு விதத்தில் உதவும்: ஒரே பெயின்டரிடம் இருபது கடைக்குச் சேர்த்துக் கொடுத்தால் விலை குறையும்.

கூட்டத்தில் கன்னடம்தான் ஓடும். நம் ஆட்கள் பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வந்து, வெளியே தமிழில் புலம்புவார்கள். தமிழில் பேச ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. இங்கே தெரிந்த கன்னடத்தில் எழுந்து பேசுங்கள். முதல் கூட்டத்திலேயே எக்ஸ்பைரி சரக்கைத் திருப்பி எடுக்காத ஸ்டாக்கிஸ்ட் விஷயத்தைக் கிளப்பலாம். எந்தக் கடையில் எத்தனை ரூபாய்ச் சரக்கு, எத்தனை மாதமாகத் தேங்கிக் கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள்.