கான்கால்: காரில்லாமல், ஒரே நாளில்?

பாரிஸிலிருந்து காரில்லாமல் ஒரே நாளில் கான்காலுக்கு (பிரான்ஸின் பிரித்தானிக் கரையில் சிப்பிக்குப் பேர்போன ஊர்) போய்வரலாமா, சிப்பியைப் பச்சையாகச் சாப்பிடப் பிடிக்காத மனைவி அங்கே என்ன செய்வார் என்று கேட்டிருந்தீர்கள்.

போகலாம், ஆனால் ஒரே நாளில் போய்வரச் சொல்லமாட்டேன். பாரிஸின் மோன்பர்நாஸ் ஸ்டேஷனிலிருந்து நேரடி டிஜிவி அதிவேக ரயிலில், கான்காலுக்குப் பக்கத்து ஊரான செங்-மாலோவுக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், அங்கிருந்து பஸ். ஒரே நாளில் திரும்பினால் கடல் வற்றும் நேரம் தவறிவிடலாம், அதைப் பார்க்கத்தானே போகிறீர்கள்! கான்கால் இருக்கும் மோன் செங்-மிஷேல் விரிகுடாவில் பெரிய ஓதநாட்களில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் 14 மீட்டர் வரை போகும். நீர் விலகியதும் சிப்பி வளர்க்கும் மேசை வரிசைகள் சேற்றில் தெரியும், டிராக்டர்கள் இறங்கும். முதலில் ஓத அட்டவணையைப் பாருங்கள், அப்புறம் டிக்கெட் போடுங்கள். அதில் ஓதம் எவ்வளவு பெரிது என்று காட்டும் 'கோஎஃபிசியான்' எண் 90க்கு மேல் உள்ள நாள் நல்லது. செங்-மாலோவில் ஒரு ராத்திரி தங்குங்கள்.

சிப்பிக்கு, கான்காலின் லா ஊல் துறைமுகத்தின் கலங்கரை விளக்கத்தருகே சிறுகடைகள் உண்டு. சிப்பியின் அளவை எண்ணால் சொல்வார்கள்; எண் கூடினால் சிப்பி சிறிது, முதல்முறைக்கு 4ஆம் எண் கேளுங்கள். உடைத்துத் தருவார்கள், எலுமிச்சை பிழிந்து, கடல் பார்த்த படியில் உட்கார்ந்து சாப்பிட்டு, சிப்பி ஓடுகளைக் கீழே கரையில் போடலாம். அங்கே அதுதான் வழக்கம், கூச்சம் வேண்டாம்.

மனைவிக்கு வெந்த மட்டி, அதுவும் இந்த விரிகுடாவில் விளைந்ததே. அதுவும் வேண்டாமென்றால் பக்வீட் என்ற தானியத்தின் மாவில் சுட்ட கலேத், நம் தோசைக்குத் தூரத்துச் சொந்தம்.