நெடுந்தீவு ட்ரிப்புக்கு 24,000 ரூபா: கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: அண்ணா, நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். இரண்டு மாதம் கழித்து வரும் ஒரு வார இறுதியில் எங்கள் பட்ச்சில் ஏழு பேர் யாழ்ப்பாணம் போய் நெடுந்தீவும் பார்த்துவிட்டு வர முடிவெடுத்திருக்கிறோம். வான் 84,000 ரூபா, ஆளுக்கு 12,000. இரண்டு இரவு ரூமுக்கு 5,000, சாப்பாடு, படகு, மற்றச் செலவு 7,000, எல்லாமாக 24,000 வருகிறது. எனக்கு மகாபொல உதவித்தொகை மாதம் 7,500 கிடைக்கிறது, அது சாப்பாட்டுக்கும் போட்டோகொப்பிக்குமே சரி. சனி, ஞாயிறில் கணிதம் டியூஷன் கொடுத்து மாதம் 6,000 சேர்க்கிறேன். அப்படி லப்டொப்புக்காகச் சேர்த்த 31,000 இருக்கிறது. ஒரு நண்பன் "நீ வா மச்சான், பிறகு பார்த்துக்கலாம்" என்கிறான். இன்னொருவன் போனில் கடன் தரும் ஆப் ஒன்றைக் காட்டினான், 15,000 எடுத்தால் கையில் 12,000 வரும், 14 நாளில் 15,000 கட்ட வேண்டும். அம்மா தன் தோட்டை அடகு வைத்துத் தருவதாகச் சொல்கிறார். நான் இதுவரை கடலைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. போகவா, வேண்டாமா? வானுக்கு அட்வான்ஸ் கொடுக்க வரும் வெள்ளிதான் கடைசி நாள்.

பதில்:

தம்பி, போங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசு விஷயம் கேட்டு எழுதுகிறவர்கள் பாதிப்பேர் "வேண்டாம்" என்ற பதிலை எதிர்பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறார்கள், பிறகு அந்தப் பதிலை ஒரு பக்கம் வைத்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் கடன் வாங்கிப் போய்விடுகிறார்கள். மலையில் பிறந்து இருபது வயதுக்கு மேலாகியும் கடலைக் கிட்டப் பார்க்காத ஒரு பிள்ளை நண்பர்களோடு போய்ப் பார்ப்பதை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 24,000க்குப் போகாதீர்கள். 12,000க்குப் போங்கள், அதுவும் போகும் முன்பே உங்கள் கையில் இருக்கிற காசில்.

அந்த ஆப்பை முதலில் முடித்துவிடுவோம். கையில் வருவது 12,000, திருப்பிக் கொடுப்பது 15,000, இடையில் இரண்டே இரண்டு வாரம். அதாவது 12,000க்கு 3,000 வட்டி, இரண்டு வாரத்துக்கு 25 சதவீதம். ஒரு வருடத்தில் இப்படி 26 இரண்டு வாரங்கள் இருக்கின்றன, பெருக்கிப் பாருங்கள், 650 சதவீதம். தோட்டத்தில் மீட்டர் வட்டிக்குக் கொடுக்கிறவரைப் பற்றி வீட்டில் எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், இதுவும் அதேதான், ஆள் முகம் தெரியாது என்பதுதான் வித்தியாசம். போதாததற்கு இப்படியான ஆப்கள் பல உங்கள் போனில் உள்ள நம்பர்களை எல்லாம் பார்க்க அனுமதி கேட்கும். தவணை தவறினால் அம்மாவுக்கும் மாமாவுக்கும் டியூஷன் பிள்ளைகளின் வீட்டுக்கும் கோல் போகும். அதை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

அடுத்தது அம்மாவின் தோடு. தயவுசெய்து வேண்டாம். அம்மாவின் நாட்சம்பளத்தை 1,750 என்றே வைத்துக்கொண்டாலும் வான் பங்கான 12,000 ஏழு நாள் பேர் (வேலைக்குப் போன நாளுக்குப் பதிவது), அதுவும் ஏழு நாளும் அரைப்பேர் விழாமல் முழுப்பேர் போட்டால். உங்கள் வீட்டில் எத்தனை பவுண் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் லயத்து வீடுகள் பலவற்றில் அந்தத் தோடுதான் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் திடீரென்று வரும் சாவு வீட்டுச் செலவுக்கும் இருக்கிற ஒரே கைக்காவல், உங்கள் கடைசிப் பரீட்சை நேரத்தில் அவசரம் ஒன்று வந்தால் கூட அதைத்தான் எடுப்பார்கள். அம்மா ஆசையாகத்தான் சொல்லியிருப்பார். "வேண்டாம் அம்மா, என்னிடம் இருக்கிறது" என்று நீங்கள் சொல்லும்போது அது உண்மையாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு கணக்கும்.

"பிறகு பார்த்துக்கலாம்" என்ற நண்பன் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். நானும் மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம்தான். படிக்கிற காலத்தில் ஒரு நண்பனிடம் 3,000 ரூபா வாங்கிக்கொண்டு திருகோணமலைக்குப் போனேன். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் திரும்பி வரும் வழியில் எல்லாரும் சோற்றுப் பார்சல் வாங்கினார்கள், என்னிடம் பஸ் காசு மட்டும் எண்ணி வைத்திருந்தேன், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். காசைத் திருப்பிக் கொடுக்க எட்டு மாதம் ஆனது. அவன் ஒரு நாளும் கேட்கவில்லை. ஆனால் அவன் கன்டீனுக்குள் வருவதைக் கண்டால் நான் எழுந்து போய்விடுவேன், கடைசியில் அவனே என்னிடம் பேசுவதை விட்டுவிட்டான். 3,000 ரூபாவுக்கு ஒரு நல்ல நண்பனை இழந்தேன். ஆகவே அந்த நண்பன் "இது என் செலவு, திருப்பித் தரவேண்டாம்" என்று மனதாரத் தந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடன் என்றால் வாங்காதீர்கள்.

அனுபவித்து முடித்ததற்குப் பிறகு காசு கட்டுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சம்பளத்தில் கழிக்கும்படி தோட்டத்தில் கொடுக்கிற தீபாவளி அட்வான்ஸை வீட்டில் பார்த்திருப்பீர்கள்தானே. உடுப்பு எடுத்தது, பலகாரம் சுட்டது எல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிடும், சம்பளச் சிட்டையில் கழிபடுவது மட்டும் மாதம் மாதமாக வந்துகொண்டே இருக்கும்.

சரி, இப்போது 24,000 எப்படி 12,000 ஆகும் என்று பார்ப்போம்.

செலவில் சரிபாதி வான்தான், அதைத்தான் முதலில் வெட்ட வேண்டும். ஏ9 வீதி தொடங்குவதே கண்டியில்தான், யாழ்ப்பாணம் வரைக்கும் 321 கிலோமீற்றர், மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று ஒரே றோட்டு. கண்டியிலிருந்து இரவு பஸ் இருக்கிறது. வெள்ளி இரவு ஏறினால் விடியும்போது யாழ்ப்பாணம், ஞாயிறு இரவு ஏறினால் திங்கள் காலையில் கண்டி. இப்படிப் போனால் வெள்ளி இரவும் ஞாயிறு இரவும் பஸ்ஸிலேயே கழிந்துவிடும், நீங்கள் தங்க வேண்டியது சனி இரவு ஒன்றுதான். சாதாரண பஸ்ஸில் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போய்வரவும், அங்கே நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவானுக்குப் போய்வரவும் சேர்த்து 4,000 ஒதுக்குங்கள், மிச்சம் வந்தால் நல்லது. ஏழு பேர் சேர்ந்து வானில் பாட்டுப் போட்டுக்கொண்டு போவது ஒரு சுகம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அந்தச் சுகத்துக்கு ஆளுக்கு 8,000 கூடுதலாகக் கொடுக்கிறீர்கள்.

தங்குவதற்கு: பேராதனையில் உங்கள் பட்ச்சில் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவர் கூடவா இல்லை? கேளுங்கள். ஒரு இரவு ஹோலில் பாய் போட்டுப் படுக்க இடம் தருவார்கள், தந்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். வீட்டில் இருக்கிற தேயிலைத்தூளில் ஒரு கிலோ கட்டிக்கொண்டு போங்கள், தோட்டத்துத் தூள் என்று சொல்லிக் கொடுங்கள், அந்த வீட்டு அம்மாவுக்கு அதைவிடப் பெரிய சாமான் தேவையில்லை. அப்படி யாரும் கிடைக்காவிட்டால் ஏழு பேரும் ஒரு இரவுக்கு மட்டும் ரூம் எடுக்கிற மாதிரி கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு இரண்டு நாளைக்கு 4,000. படகுக்கும் தீவில் பிடிக்கிற வாகனத்தின் பங்குக்கும் 1,500. அம்மாவுக்குப் பனங்கட்டி வாங்க 500, இதைச் சேர்க்காமல் விட்டால் கடைசி நேரத்தில் சந்தையில் நின்று வேறெதிலிருந்தோ எடுப்பீர்கள். இதெல்லாம் சேர்ந்து 10,000. மேலே 2,000 கைக்காவல், அதை வேறாக மடித்து வையுங்கள், ஊர் திரும்பும்வரை தொடக்கூடாது. மொத்தம் 12,000, முன்பு வானுக்கு மட்டும் கொடுக்க இருந்த அதே தொகை. இது நான் கொஞ்சம் தாராளமாகப் போட்ட கணக்கு, போவதற்கு ஒரு வாரம் முன் பஸ் நிலையத்திலும் யாழ்ப்பாணத்து நண்பரிடமும் அன்றைய விலையைக் கேட்டுச் சரிபாருங்கள்.

கைக்காவல் ஏன் என்று சொல்கிறேன். நெடுந்தீவு, யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி இறங்கி உடனே பார்த்துவிட்டு வருகிற இடமில்லை. பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குப் போக வேண்டும், அங்கிருந்து கடலில் ஒரு மணித்தியாலம் அளவில் படகு. படகு ஒரு நாளைக்குச் சில தடவைதான். கடல் மோசமாக இருந்தால் ஓடாது. கடைசிப் படகை விட்டால் அன்றிரவு அங்கேயேதான். அதனால் தீவை ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்காதீர்கள், சனிக்கிழமை விடிய யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் முகத்தைக் கழுவி, இடியப்பமோ ரொட்டியோ சாப்பிட்டுவிட்டு நேரே குறிகட்டுவானுக்குப் போங்கள். ஏதாவது பிழைத்தாலும் ஞாயிறு கையில் இருக்கும், திரும்பி வர எடுத்த பஸ் டிக்கட் வீணாகாது. நல்லூர்க் கோயிலை ஞாயிறு பார்க்கலாம்.

தீவு கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீற்றர், நடந்து முடியாது. ஏழு பேரும் ஒரே வாகனத்தைப் பிடித்து, ஏறும் முன்பே எங்கெங்கே போவது, எவ்வளவு என்று பேசிவிடுங்கள்: தானாக மேயும் குதிரைகள், பெருக்கமரம் (பாவோபாப்), ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, பழைய கோட்டை. சாந்தில்லாமல் பவளக்கல்லை அடுக்கியே கட்டிய வேலிகளை இறங்கிப் பாருங்கள், நம் தோட்டத்தில் மலைச்சரிவுக்குக் கல் அடுக்குவார்களே, அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரியும். நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடான இடம், போத்தல்களை யாழ்ப்பாணத்திலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். சில்லறையாகக் காசும் கையில் வேண்டும்.

ஒரு செலவை நீங்கள் எழுதவே இல்லை. சனி, ஞாயிறு டியூஷன். மாதம் 6,000 என்றால் ஒரு வார இறுதிக்கு 1,500. அந்த வகுப்பை முந்திய வாரமோ பிந்திய வாரமோ கூடுதலாக எடுத்து ஈடுசெய்வதாகப் பிள்ளைகளின் வீட்டுக்கு இப்போதே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் ட்ரிப்பின் விலை 13,500.

இப்போது காசு எங்கிருந்து? லப்டொப்புக்கான 31,000ஐத் தொடாதீர்கள். வரப்போகும் இரண்டு மாதத்து டியூஷன் காசு 12,000, அதை மட்டும் ட்ரிப்புக்கு ஒதுக்குங்கள். அதாவது லப்டொப் இரண்டு மாதம் பிந்தும். 24,000 ட்ரிப் என்றால் நான்கு மாதம் பிந்தும், இரண்டாம் வருடத்தில் இருக்கிற உங்களுக்கு அசைன்மென்ட் நெருக்கும் நேரத்தில் நான்கு மாதம் என்பது பெரிது. இரண்டு மாதம் தாங்கும், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் முடிவு. மகாபொல 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 5,000இலிருந்து 7,500 ஆனது, கூடிய அந்த 2,500ஐ ட்ரிப்புக்கு எடுக்கலாமே என்று ஒரு யோசனை வரும். எடுக்காதீர்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது சாப்பாட்டுக்கும் போட்டோகொப்பிக்குமே சரி என்று.

இன்னொன்று, ஏழு பேர் போகும்போது ஆளாளுக்குச் செலவழித்துவிட்டுக் கடைசியில் கணக்குப் பார்ப்போம் என்றால் சண்டைதான் வரும். புறப்படும் முன்பே ஆளுக்கு 6,000 வீதம் பொதுக்காசு சேருங்கள், கையெழுத்துச் சுத்தமான ஒருவரிடம் கொடுங்கள், பொதுவான சாப்பாடு, படகு, வாகனம் எல்லாம் அதிலிருந்து போகட்டும், அவர் ஒரு சின்னக் கொப்பியில் எழுதி இரவு படுக்கும் முன் வாசித்துக் காட்டட்டும். ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் அவர் பங்கு என்னாகும் என்பதையும் இப்போதே பேசுங்கள். வான் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பஸ்ஸில் ஒருவர் வராவிட்டால் மற்றவர்களுக்கு நட்டம் இல்லை, வானில் ஒருவர் விலகினால் மிச்ச ஆறு பேருக்கும் ஆளுக்கு 14,000 ஆகிவிடும்.

நண்பர்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தயங்குகிறீர்கள், அது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. குரூப்பில் இப்படிப் போடுங்கள்: "மச்சான், நான் கட்டாயம் வாறேன். என் கணக்கு 12,000. இரவு பஸ்ஸில போனா எல்லாருக்கும் பாதிக் காசு மிச்சம், வெள்ளி இரவு போய் திங்கள் காலை வந்துரலாம்." அவ்வளவுதான், காரணம், மன்னிப்பு ஒன்றும் வேண்டாம். ஏழு பேரில் இன்னும் இரண்டு மூன்று பேராவது இதை யார் முதலில் சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்திருக்கும். எல்லாரும் வானில்தான் போவோம் என்று நின்றால், நீங்கள் மட்டும் பஸ்ஸில் போய் யாழ்ப்பாணத்தில் சேர்ந்துகொள்ளுங்கள், தீவுக்கு எப்படியும் எல்லாரும் ஒரே படகில்தான் போக வேண்டும்.

அட்வான்ஸுக்கு வெள்ளி கடைசி நாள் என்கிறீர்கள். கொடுத்த பிறகு அந்தக் காசைத் திருப்பி வாங்குவது கஷ்டம். வெள்ளி வரைக்கும் வைத்திருக்காமல் இன்றிரவே குரூப்பில் போட்டுவிடுங்கள், அப்புறம் அம்மாவுக்குக் கோல் எடுத்துத் தோட்டைக் காதிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.