மடிக் கட்டிக்குக் கொழுப்பு மாத்திரையா?

தக்கலைப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் லாப்ரடார் பெட்டைக்கு எட்டு வயது, 41 கிலோ. கருத்தடை செய்யவில்லை. பின்காலோடு ஒட்டிய காம்பின் அடியில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. ரத்தத்தில் கொழுப்பு கூடுதல் என்று லேப் ரிப்போர்ட் வந்திருக்கிறது. கொழுப்பு கரைந்தால் கட்டியும் கரையும் என்று தெரிந்தவர் ஒருவர் மாத்திரை தந்தார். கொடுக்கலாமா, டாக்டர்?"

கொடுக்காதீர்கள். அது மனிதர்கள் தின்னும் மாத்திரை. அதைத் தின்று மடிக் கட்டி கரைந்த நாயை நான் இதுவரை பார்த்ததில்லை. கரையும் என்று காத்திருந்து மூன்று மாதம் கழித்து எலுமிச்சை அளவில் கொண்டுவந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த ரிப்போர்ட். காலையில் மரச்சீனியும் மீன்குழம்பும் தின்றுவிட்டுப் போன நாய்க்கு ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறித்தான் இருக்கும். 12 மணி நேரம் பட்டினி போட்டு ரத்தம் எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. அப்போதும் கூடுதலாக இருந்தால் தைராய்டும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். நமக்கு வருவதுபோல் நாய்க்கு ரத்தக்குழாய் அடைப்பு வருவது அபூர்வம்.

உடம்புக் கொழுப்பு வேறு விஷயம். அது சும்மா கிடக்கிற மூட்டை இல்லை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் கொஞ்சம் சுரக்கிறது. மடிக் கட்டிக்குப் பிடித்த தீனி அதுதான். ஒரு வயதுவாக்கில் ஒல்லியாக இருந்த பெட்டைகளுக்கு இந்தக் கட்டி குறைவு என்று 1991-இல் அமெரிக்காவிலும், குண்டாக இருந்தவற்றுக்குக் கூடுதல் என்று 1998-இல் ஸ்பெயினிலும் ஆய்வுகள் வந்தன. அதாவது கவனிக்க வேண்டிய காலம் உங்களுக்கு ஏழு வருஷம் முன்னால். இப்போது மெலிய வைத்தால் மூட்டுக்கும் மயக்க மருந்துக்கும் நல்லது, கட்டி போகாது.

குட்டி விற்கும் புரோக்கர் "ஒரு ஈத்து போடட்டும், அப்போதுதான் ஆரோக்கியம்" என்று சொல்லியிருப்பாரே? அவருக்கு அடுத்த குட்டி வேண்டும், அவ்வளவுதான். கருத்தடை செய்யாத நாய்க்கு ஆபத்து நூறு என்றால், முதல் முறை பருவத்துக்கு வரும் முன்பே கருத்தடை செய்த நாய்க்கு அரை, ஒரு பருவம் கடந்தால் 8, இரண்டு கடந்தால் 26 என்று 1969-லேயே கணக்குச் சொல்லிவிட்டார்கள். பருவத்துக்கு வராமலிருக்க ஊசி போடுகிறேன் என்று வருபவர் இன்னும் மோசம். அந்த ஊசியே மடிக் கட்டியையும் கருப்பைச் சீழையும் கொண்டுவரும்.

சரி, இப்போது என்ன செய்வது? வெட்டி எடுக்க வேண்டும். மடிக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்று. தொட்டுப் பார்த்து எந்தப் பாதி என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டி மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு நல்லது. அதற்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே, நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்று. கிராமத்து மருந்தகத்தில் அது இருக்காது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் தடுப்பூசிக் கணக்கு எழுதியே பொழுது போகிற டாக்டரைக் குறை சொல்லி என்ன பயன்? நாகர்கோவில் போங்கள். அங்கேயும் முடியாவிட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரி.

அழற்சிப் புற்று என்ற ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கத்தி வைக்கக் கூடாது. உருண்டையாகக் கட்டி இருக்காது. மடி முழுக்கச் சிவந்து, தொட்டால் சூடாக, தோல் தடித்து, நாய் வலியில் முனகும். பின்கால் வீங்கும். பால்கட்டு என்று நினைத்து ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டே இருப்பார்கள். குட்டியே போடாத நாய்க்கு எங்கிருந்து பால்கட்டு? போலிக் கர்ப்பமும் இல்லாமல் மடி இப்படி வீங்கினால் அது அழற்சிப் புற்றாக இருக்கலாம். வெட்டினால் காயம் ஆறாது, நாய்க்கு வேதனைதான் கூடும். வலியைக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் நாய்க்கு இருப்பது அதில்லை, நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த கட்டியைக் குப்பையில் போட விடாதீர்கள். ஃபார்மலின் பாட்டிலில் போட்டுத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் அனுப்ப மாட்டார்கள். அப்புறம் மற்ற ஒன்பது காம்புகளையும் மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.