உயரமானவர்களின் முழங்காலும் ஸ்னோமொபைலும்: கேள்வி-பதில்

ஒன்டாரியோவில் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டிகள் ஓடும் பாதைகள், அதாவது டிரெயில்கள், திறக்கும் நேரம் நெருங்கினாலே முழங்கால் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஆறடியைத் தாண்டியவர்கள் கேட்டவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். வலி எங்கே, எதனால் என்று மருத்துவரிடம் இதுவரை காட்டாதவர்கள் முதலில் அதைச் செய்துவிடுங்கள். உடம்புக்கு ஏற்றபடி வண்டியை மாற்றுவது எப்படி என்பதை மட்டும்தான் நான் சொல்ல முடியும்.

அண்ணா, என் உயரம் 6 அடி 4 அங்குலம். போன சீசனில் ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் போட்டேன். முதுகு வலி குறைந்தது. ஆனால் அரை மணி நேரம் ஓட்டினாலே முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. இன்னும் உயரமான ரைசர் வாங்கலாமா? (சட்பரி)

வேண்டாம் தம்பி. ரைசர் முதுகுக்கும் தோளுக்கும் நல்லது. நின்று ஓட்டும்போது குனிய வேண்டியிருக்காது. ஆனால் முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பது சீட்டுக்கும் கால் வைக்கும் ரன்னிங் போர்டுக்கும் இடையிலுள்ள உயரத்தைப் பொறுத்தது. அதில் நீங்கள் இன்னும் கையே வைக்கவில்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. பழைய வண்டிகளில் பின்னால் தள்ளி, தாழ உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி ஓட்டுவோம். 2003 மாடலாக ஸ்கிடூ கொண்டுவந்த ரெவ் வடிவமைப்பு ஓட்டுநரை முன்னால் நகர்த்தியது. பாதம் உடம்புக்கு நேர் கீழே வந்தது. எடை வண்டியின் நடுவில் விழுந்ததால் கையாள்வதும் சட்டென்று எழுந்து நிற்பதும் சுலபமாகின. மற்ற கம்பெனிகளும் சில வருடங்களில் அதே வழிக்கு வந்துவிட்டன. நல்ல மாற்றம்தான், ஆனால் நீளக் கால் உள்ளவர்கள் அதற்கு விலை கொடுக்கிறார்கள். பாதம் கீழே வந்ததும் முழங்கால் மேலே எழும்பி, கூடுதலாக மடங்குகிறது. முழங்கால் மடங்க மடங்க, முழங்கால் சில்லு தொடை எலும்பின் மேல் அழுத்துவது கூடும். அப்படியே அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் முன்பக்கம் வலிக்கத்தான் செய்யும். நீண்ட கார்ப் பயணத்திலும் உங்களுக்கு இதே வலி வருகிறதா என்று யோசித்துப் பாருங்கள். வருகிறது என்றால், குலுக்கலைவிட மடங்கிய நிலைதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கராஜில் வண்டியை நிறுத்தி, பூட்ஸ் உட்பட முழு உடுப்போடு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். வீட்டில் யாரையாவது சீட் உயரத்திலிருந்து, நேர் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் கோடு போட்டு இணையுங்கள். முழங்கால் இடுப்பைவிட மேலே இருந்தாலோ, முழங்காலில் கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருந்தாலோ சீட் உங்களுக்குத் தாழ்வு. 100, 110 பாகைக்கு விரிந்தால் பெரும்பாலானோருக்கு நிம்மதி கிடைக்கும்.

உடனே புது சீட் வாங்கப் பணத்தைப் போட வேண்டாம். கேம்பிங் பாயை மடித்து சீட்டின் மேல் இறுக்கிக் கட்டி, அதே கோணத்தில் மறுபடி படம் எடுங்கள். ஒரு அங்குலம், இரண்டு அங்குலம், மூன்று என்று ஏற்றிப் பார்த்தால் உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பது தெரிந்துவிடும். இது நிற்கும் வண்டியில் அளவு பார்க்க மட்டும். நழுவும் மெத்தையோடு டிரெயிலுக்குப் போகாதீர்கள். அளவு தெரிந்ததும் உயரமான சீட் வாங்கலாம், அல்லது சீட் தைப்பவரிடம் கொடுத்து உள்ளே அடர்த்தியான ஃபோம் வைக்கச் சொல்லலாம். மென்மையான ஃபோம் கடையில் சுகமாகத்தான் இருக்கும். அதில் ஏற்றிய உயரம் உங்கள் எடையில் அமுங்கி, பாதி காணாமல் போய்விடும்.

அப்புறம் ஒன்று. சீட் ஏறினால் ஹேண்டில்பார் மறுபடி தாழ்வாகத் தெரியும். அதனால்தான் சீட்டை முதலில் முடித்துவிட்டு ரைசரைத் தொட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நீங்கள் ஏற்கெனவே போட்ட ரைசர் வீண்போகாது.

முழுதாகத் திருப்பும்போது ஹேண்டில்பார் முழங்காலில் இடிக்கிறது. ரைசர் போட்ட பிறகுதான் இப்படி. ஏன்? (பேரி)

ஸ்டியரிங் தண்டு பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதன் போக்கிலேயே நேரான ரைசரை மாட்டினால் ஹேண்டில்பார் உயர்வதோடு உங்களை நோக்கியும் வரும். உயரமானவர்களுக்கு வேண்டியது, முன்னால் சாய்க்க முடிகிற ரைசர். அதற்காக ஒரேயடியாக முன்னால் தள்ளினாலும் திருப்பும்போது கை வித்தியாசமாக உணரும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ரைசர் போட்டவர்கள் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். பிரேக் ஹோஸ், த்ராட்டில் கேபிள், கைப்பிடிச் சூட்டுக்கான ஒயர் எதுவும் விறைக்கக் கூடாது. பிறகு பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை ஐட்லில் விட்டு மறுபடி மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலும் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். வளைவில் வண்டி தானாக வேகம் எடுக்கும். நீளமான கேபிள் மாட்டும்வரை அந்த வண்டியை எடுக்கவே கூடாது. விழுந்தால் எஞ்சினை அணைக்க உடுப்பில் மாட்டும் டெதர் கயிறும் உங்கள் புது உயரத்துக்குப் போதுமா என்று எழுந்து நின்று பாருங்கள்.

எனக்கு 58 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். உயரம் 6 அடி 2, எடை 240 பவுண்டு. மேடுபள்ளத்தில் ஒவ்வொரு அடியும் முழங்காலில் இறங்குகிறது. சஸ்பென்ஷனை மென்மையாக்கினால் சரியாகுமா ஐயா? (ஹாலிபர்ட்டன்)

உங்கள் எடைக்கு அது நேர்மாறாகவும் போகலாம் ஐயா. ஸ்பிரிங் அளவுக்கு மீறி மென்மையாக இருந்தால் சஸ்பென்ஷன் கடைசி வரை அமுங்கித் தட்டும். அந்தத் தட்டல்தான் மூட்டில் இறங்குகிறது. முதலில் அளந்துவிடுங்கள். பின் பம்பரைத் தூக்கி, சஸ்பென்ஷன் முழுதாக நீண்டதும் தரையிலிருந்து பம்பர் வரை அளவு எடுங்கள். பிறகு முழு உடுப்போடு, உங்கள் இடத்தில் உட்கார்ந்து அதே அளவை எடுக்கச் சொல்லுங்கள். மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வண்டி இறங்கியிருக்க வேண்டும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். அதிகமாக இறங்கினால், ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கும் ப்ரீலோடைக் கூட்டுங்கள். கடைசி நிலையில் வைத்தும் தட்டினால் ப்ரீலோடுடன் மல்லுக்கட்ட வேண்டாம், கனமான ஸ்பிரிங் மாற்றும் நேரம் அது.

உங்கள் ஊரில் கின்மவுண்டிலிருந்து ஹாலிபர்ட்டன் வரும் பழைய ரயில் பாதை சமதளம். சீட்டையும் ஸ்பிரிங்கையும் மாற்றிய பிறகு முதல் ஓட்டத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். பனியை மட்டமாக்கும் க்ரூமர் வண்டிகள் பெரும்பாலும் இரவில் ஓடுவதால் காலையில் டிரெயில் இறுகி, மட்டமாக இருக்கும். சனிக்கிழமை பிற்பகலில் அதே டிரெயில் மேடும் குழியுமாகிவிடும். தேய்மானம் உள்ளவர்கள் விடியற்காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் திரும்புவது எந்த உதிரிப் பாகத்தையும்விட நல்ல வைத்தியம். அரை மணிக்கு ஒருமுறை இறங்கி, பத்தடி நடந்து, காலை நீட்டி மடக்குங்கள்.

மேடு வந்தால் எழுந்து நில் என்கிறார்கள். எழுந்தாலே வலிக்கிறது. என்ன செய்வது? (ஒட்டாவா)

பலர் செய்வது, சீட்டிலிருந்து நான்கு அங்குலம் மட்டும் எழுந்து அப்படியே தொங்குவது. முழங்காலுக்கு அதைவிடக் கஷ்டமான நிலை இல்லை. உட்கார்ந்தால் ஒழுங்காக உட்காருங்கள், நின்றால் முழுதாக நில்லுங்கள். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, மூக்கு முழங்காலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து எழுங்கள். பாரம் இடுப்புக்கும் பின்தொடைக்கும் மாறிவிடும். நின்ற பிறகு முழங்காலைப் பூட்டிவிடாமல் லேசாகத் தளர்த்தி வையுங்கள். சீட்டை உயர்த்தியவர்களுக்கு எழ வேண்டிய தூரமே குறைகிறது என்பதையும் மறக்காதீர்கள்.

வளைவில் உள்பக்கக் காலை வெளியே நீட்டினால் பேலன்ஸ் கிடைக்குமா? (பெயர் இல்லை)

கூடாது. பூட்ஸ் பனியில் மாட்டினால் வண்டி போய்க்கொண்டே இருக்கும், முழங்கால் முறுகும். நல்ல முழங்காலே தாங்காது. உடம்பை உள்பக்கம் சாய்த்து, இரண்டு பாதத்தையும் போர்டில் வையுங்கள்.

அப்பாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதம் ஆகிறது. ஜனவரியில் வண்டி எடுக்கிறேன் என்று நிற்கிறார். விடலாமா? (மிசிசாகா)

அதை முடிவு செய்ய வேண்டியவர் அறுவை சிகிச்சை செய்தவர். அவரிடம் 'ஓட்டலாமா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், குலுக்கல், விழும் அபாயம், ஆழமான பனியில் இறங்கி நடக்க வேண்டிவருவது எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். விழுந்தால் செயற்கை மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு உடையலாம், அதைச் சரிசெய்வது சுலபமில்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா, பலமான வலி மாத்திரை எடுக்கிறாரா என்பதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்ட வலி மாத்திரையோடு வண்டி ஓட்டவே கூடாது.

மருத்துவர் சரி என்றாலும், வீட்டில் ஒன்றைப் பாருங்கள். அப்பா தரையில் உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் எழ முடிகிறதா? முடியவில்லை என்றால் பனியில் விழுந்தாலும் முடியாது. இன்னும் சில மாதம் பிசியோதெரபி தொடரட்டும். இந்த சீசன் போனால் அடுத்தது வரும், அவரிடம் இதை அன்பாகச் சொல்லுங்கள்.

ஏறி இறங்க பிசியோதெரபிஸ்டுகள் படிக்கட்டுக்குச் சொல்லும் விதிதான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். அப்பாவுக்கு இடது கால் நல்ல கால் என்பதால் வண்டியின் இடப்பக்கமிருந்து இடது காலைப் போர்டில் வைத்து ஏறி, வலது காலை சீட்டின் மேலாகக் கொண்டுபோகட்டும். இறங்கும்போது வலப்பக்கம், வலது கால் முதலில் தரைக்கு. த்ராட்டில் வலது கையில் இருப்பதால் ஏறும்போது பிடிமானத்துக்கு அதை அழுத்திவிடும் ஆபத்து உண்டு. ஏறி உட்காரும்வரை டெதரை மாட்ட வேண்டாம்.

புது வண்டி வாங்கப் போகிறேன். உயரமானவர்களுக்கு எந்தப் பிராண்ட்? (மொன்றியால்)

பிராண்டைவிட மாடல்தான் முக்கியம். ஒரே கம்பெனியில் ஒரு மாடல் சீட் தாழ்வு, இன்னொன்றில் உயரம். இருவர் செல்லும் டூரிங் வண்டிகளிலும் வேலைக்கான யூட்டிலிட்டி வண்டிகளிலும் பெரும்பாலும் சீட் உயரமாகவும் இடம் தாராளமாகவும் இருக்கும். டிரெயிலுக்கு 129 அங்குல ட்ராக்கைவிட (ட்ராக் என்பது வண்டியின் அடியில் சுழலும் பட்டை) 137 அங்குல ட்ராக் சிறு குழிகளைத் தாண்டி மிதந்து போகும், மூட்டு அதை உணரும். கடைக்குப் போகும்போது உங்கள் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள். பெரிய பாதம் முன்பக்கக் குழிக்குள் மாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து நிமிடமாவது சீட்டில் உட்கார்ந்திருங்கள். யமஹா ஸ்னோமொபைல் தயாரிப்பை 2025 மாடலோடு நிறுத்திவிட்டது. அந்த வண்டி மேல் ஆசை என்றால் உதிரிப் பாகம், சர்வீஸ் பற்றிப் பக்கத்து டீலரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

வண்டி பனியில் புதைந்தால் தூக்குவது எப்படி? போன வருடம் தூக்கியதில் முழங்கால் வீங்கிவிட்டது. (நோர்த் பே)

தூக்காதீர்கள். இருநூறு கிலோவுக்கு மேல் எடை. பின் பம்பரைப் பிடித்து, குந்திய நிலையில் உடம்பைத் திருப்பித் தூக்குவதுதான் முழங்கால் ஜவ்வு கிழிய நேர் வழி. மண்வெட்டி கட்டாயம் கொண்டுபோங்கள். ட்ராக்கைச் சுற்றி, பிறகு அடியில் உள்ள பனியைத் தோண்டி எடுத்து, முன்னால் உள்ள பனியை மிதித்து இறுக்குங்கள். எஞ்சினை அணைத்து வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, குழியில் பனியை நிரப்பி, மறுபடி நிமிர்த்துங்கள். வண்டியின் முன்னால் உள்ள ஸ்கீயில் கயிறு கட்டி இழுக்க இன்னொருவர் வேண்டும். முழங்கால் பிரச்சினை உள்ளவர் தனியாக டிரெயிலைவிட்டு விலகிப் போகவே கூடாது. வீக்கம் வற்றிய பிறகும் முழங்கால் நடுவில் பூட்டிக்கொள்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முழங்கால் பிரேஸ் போட்டு ஓட்டலாமா? குளிரில் வலி இன்னும் கூடுகிறது. (தண்டர் பே)

தேய்மானத்துக்கு நியோப்ரீன் ஸ்லீவ் போதும், சூடும் கொடுக்கும். கீல் வைத்த பிரேஸ் தசைநார் தளர்ந்தவர்களுக்கு. அதை மருத்துவர் சொன்னால் மட்டும் வாங்குங்கள். எதுவானாலும் உட்கார்ந்த நிலையில் போட்டுப் பாருங்கள். நிற்கும்போது சரியாக இருக்கும் பட்டை, மடக்கியதும் முழங்காலின் பின்பக்கம் இறுக்கும். இரத்த ஓட்டம் குறைந்து பாதம்தான் முதலில் விறைக்கும்.

குளிருக்கு வருவோம். மைனஸ் 20 பாகையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்றுக் குளிர் மைனஸ் 35 ஆகிறது. ஒன்டாரியோ டிரெயில்களில் வேக வரம்பே அந்த 50தான். உயரமானவர்களின் முழங்கால் விண்ட்ஷீல்டின் நிழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், காற்று நேராக அங்கேதான் அடிக்கும். காற்றைத் திருப்பிவிடும் பக்கவாட்டு டிஃப்ளெக்டர்கள் விலை அதிகமில்லை, மாட்டுவதும் சுலபம். சீட்டை உயர்த்திய பிறகு வாங்குங்கள், ஏனென்றால் முழங்கால் இருக்கும் இடமே அப்போது மாறியிருக்கும். மார்பு வரை வரும் பிப் பேண்டில் முழங்கால் பகுதிக்குக் கூடுதல் அடுக்கு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.