ஆண்டு நிறைவுப் பதிப்பா? அந்த மூன்று பாட்டைத் தேடுங்கள்

கேள்வி: ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ என்ற ஆங்கில இசைப் படத்தின் பாடல் சிடி என்னிடம் இருக்கிறது. லண்டனில் வேலை பார்த்தபோது வாங்கிய 1989 பதிப்பு. படத்துக்கு 50 வயது ஆனதிலிருந்து ‘விரிவான பதிப்பு’, ‘முழுமையான பதிப்பு’ என்று எதையாவது கண்ணில் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். விலையும் லேசுப்பட்டதாக இல்லை. இருப்பதே போதுமா, புதிதுக்குக் காசு போடலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அட்டையில் எத்தனை பாட்டு என்று போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். மூன்று பெயர்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்: ‘தி சோர்டு ஆஃப் டாமக்ளிஸ்’, ‘பிளானட் ஷ்மானட் ஜானட்’, ‘ஒன்ஸ் இன் எ வைல்’. 1975இல் ஓட் நிறுவனம் வெளியிட்ட எல்.பி.யில், அதாவது முதல் இசைத்தட்டில், 14 பாட்டு உண்டு, இந்த மூன்றும் கிடையாது. இவை இல்லாத பதிப்புக்கு என்ன பெயர் சூட்டினாலும் அது பழைய கள்ளு, புது மொந்தைதான்.

ஏன் இந்த மூன்று? முதல் இரண்டும் படத்தில் வருபவை, எல்.பி.யில் விடுபட்டவை. அதிலும் ‘டாமக்ளிஸ்’ விடுபட்டது பெரிய கூத்து. டாக்டர் ஃபிராங்கென்ஃபர்ட்டர் ஆய்வகத்தில் உருவாக்கும் ஆள்தான் ராக்கி. படத்தின் பெயரே அவன் பெயரில். அவன் முழுசாகத் தனக்கென்று பாடுவது இந்த ஒரு பாட்டுதான். எல்.பி.யை மட்டும் கேட்டவருக்கு ராக்கி என்றால் கடைசி மேடை நிகழ்ச்சியில் சில வரி பாடும் ஆள், அவ்வளவே. திரையில் வாயசைப்பவர் பீட்டர் ஹின்வுட், குரல் கொடுத்தவர் டிரெவர் வைட். ஆக, அந்தப் பாடகரின் முக்கியப் பங்களிப்பே ஆல்பத்தில் இல்லாமல் போயிற்று.

மூன்றாவது, கதையின் நாயகன் பிராட் தனியாகப் பாடும் சோகப் பாட்டு. படத்தொகுப்பில் வெட்டிவிட்டார்கள். படத்திலும் இல்லை, தட்டிலும் இல்லை. தலைகீழான கதையும் ஒன்று உண்டு: ‘சூப்பர் ஹீரோஸ்’ பாட்டை முதலில் அமெரிக்காவில் திரையிட்ட பிரதிகளிலிருந்து நீக்கினார்கள், ஆனால் தட்டில் அது இருந்தது. படமும் ஆல்பமும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதில்லை. அதனால்தான் ‘முழுமையான’ என்ற சொல்லை இந்தப் படத்தின் விஷயத்தில் இரண்டு தடவை யோசித்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

உங்கள் 1989 சிடியில் கூடுதலாக இருப்பது என்ன? ‘டைம் வார்ப்’ பாட்டின் நீட்டிய ரீமிக்ஸ் ஒன்று, கூடப் பாடுவதற்கு வசதியாகக் குரலை எடுத்துவிட்ட வடிவம் ஒன்று. இதற்குப் பெயர் கொசுறு. விருந்துக்கு உதவும், ஆல்பத்துக்கு உதவாது. படத்தின் பாடல்களைச் சேர்த்துக் கேட்க வேண்டுமென்றால் 2011இல் வந்த ‘அப்சல்யூட் டிரெஷர்ஸ்’ பதிப்பு அந்த மூன்றையும் கொண்டுவந்துவிட்டது. புதிதாக எது வந்தாலும் அதை இதோடு ஒப்பிடுங்கள். இதில் இல்லாத ஒன்று புதியதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டு விஷயம் இன்னும் பார்க்க வேண்டும். ஒன்று, சேர்த்த பாட்டுகளை எங்கே வைத்திருக்கிறார்கள். கதை ஓடும் வரிசையில் ‘ஸ்வீட் டிரான்ஸ்வெஸ்டைட்’ முடிந்து, ‘ஐ கேன் மேக் யூ எ மேன்’ வருவதற்கு முன்னால் ‘டாமக்ளிஸ்’ வர வேண்டும். ‘எடி’க்குப் பிறகு ‘பிளானட் ஷ்மானட்’. அப்படி வைத்திருந்தால் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று பொருள். எல்லாவற்றையும் கடைசியில் கொட்டியிருந்தால், முடிவுப் பாட்டான ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ மறுபடி ஒலித்து எல்லாம் ஓய்ந்த பிறகு திடீரென்று ராக்கி எழுந்து அலறுவான். எனக்கு அது சகிக்காது. உங்களுக்குப் பரவாயில்லை என்றால் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அந்தப் பாட்டுகளை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது. 1975இல் படம் திரையரங்குகளில் மோனோ (ஒற்றைத் தட) ஒலியில் ஓடியது, ஆல்பம் ஸ்டீரியோ (இடம், வலம் என இரட்டைத் தடம்). விடுபட்ட பாட்டை ஸ்டூடியோ டேப்பிலிருந்து எடுத்து மிக்ஸ் செய்திருந்தால் மற்றவற்றோடு ஒட்டி உட்காரும். படத்தின் ஒலித்தடத்திலிருந்து அப்படியே உருவியிருந்தால் அது ஒடுங்கிக் கேட்கும், நடுவில் காலடிச் சத்தமும் வசனமும் வரும். முன்னோட்டத்தில் 30 விநாடி கேட்டாலே தெரிந்துவிடும்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். உங்களிடம் படத்தின் டிவிடியோ புளூரேயோ இருந்தால் ‘டாமக்ளிஸ்’, ‘பிளானட் ஷ்மானட்’ இரண்டும் ஏற்கெனவே உங்கள் அலமாரியில் இருக்கின்றன. 2000இல் வந்த டிவிடியில் ‘ஒன்ஸ் இன் எ வைல்’கூட வெட்டப்பட்ட காட்சியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. பாட்டாகத் தனியே கேட்க வேண்டும் என்ற ஆசைக்குத்தான் இனி நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

கேள்வி: ‘ரீமாஸ்டர்’ என்று போட்டிருந்தால் ஒலி கட்டாயம் நன்றாக இருக்குமா? (வாசகி, மதுரை)

பதில்: கட்டாயம் கிடையாது. பழைய டேப்பைப் புதிதாக, கவனமாகப் படியெடுத்திருந்தால் நன்றாக இருக்கும். மெல்லிய இடங்களைத் தூக்கி, உரத்த இடங்களை நசுக்கி, மொத்தத்தையும் சத்தமாக்கியிருந்தால் முதல் இரண்டு நிமிடம் ‘அடேயப்பா’ என்றிருக்கும், அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும்.

இந்த ஆல்பத்தில் அதைச் சோதிக்கத் தோதான பாட்டு ‘டைம் வார்ப்’தான். ஆரம்பத்தில் ஃபிராங்கென்ஃபர்ட்டரின் வேலைக்காரன் ரிஃப் ராஃப் ரகசியம் சொல்வதுபோல் அடங்கிய குரலில் தொடங்குகிறார். பாடுபவர் ரிச்சர்ட் ஓ’பிரையன், இந்தப் படத்துக்கு மூலமான மேடை நாடகத்தையே எழுதியவர். பிறகு கூட்டமாகப் பல்லவியில் வந்து விழுகிறார்கள். அந்த இடத்தில் ஒலி உங்கள் மேல் பாய வேண்டும். முதல் வரியும் பல்லவியும் ஒரே சத்தத்தில் கேட்டால் நசுக்கிவிட்டார்கள். ‘ஐ’ம் கோயிங் ஹோம்’ இன்னொன்று: ஃபிராங்கென்ஃபர்ட்டராக நடித்த டிம் கரி மெதுவாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவார். அந்த ஏற்றம் காதுக்குத் தெரிய வேண்டும்.

பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். சத்தம் கூடியது எதுவானாலும் நல்லதாகத்தான் தோன்றும், நம் காது அப்படி. ஸ்ட்ரீமிங் செயலிகளில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டு இரண்டு பதிப்பையும் மாற்றி மாற்றிக் கேட்டால் பாதி வேலை முடிந்தது. ‘ரீமாஸ்டர்’ வேறு, ‘ரீமிக்ஸ்’ வேறு என்பதையும் மனதில் வையுங்கள். ரீமிக்ஸில் குரல், கிதார், டிரம்ஸ் எல்லாவற்றின் அளவையும் கலைத்து மறுபடி அடுக்குவார்கள். பழகிய பாட்டு பழகாததாகிவிடும்.

கேள்வி: வண்ண வைனில், படம் அச்சிட்ட தட்டு என்றெல்லாம் வருகிறதே? (வாசகர், திருச்சி)

பதில்: படம் அச்சிட்ட தட்டில் ஊசி ஓடுவது படத்தின் மேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில். இரைச்சல் கூடுதலாக இருக்கும். சுவரில் மாட்ட நல்லது. ஒரே நிற வைனில் என்றால் பயமில்லை, அழுத்திய ஆலை ஒழுங்காக இருந்தால் சரி.

நீங்கள் பார்க்க வேண்டியது எத்தனை தட்டு என்பதை. 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம், 22 நிமிடம் வரை நன்றாக நிற்கும். அதற்கு மேல் திணித்தால் ஊசி ஓடும் பள்ளங்கள் நெருங்கி ஒலியின் அளவு குறையும். மூன்று பாட்டைச் சேர்த்துவிட்டு இன்னும் ஒற்றைத் தட்டாகவே விற்றால் யோசியுங்கள். இந்த ஆல்பத்தில் ‘ஐ’ம் கோயிங் ஹோம்’ இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பகுதியில், நடுவட்டத்தை நெருங்கும் இடத்தில் வருகிறது. அங்கே பள்ளம் ஊசிக்கடியில் ஓடும் வேகம் குறைந்து ஒலி கரகரக்க வாய்ப்பு அதிகம். டிம் கரி உச்சத்துக்குப் போகும் இடமும் அதுதான். இரட்டைத் தட்டாக இருந்தால் இந்தச் சிக்கல் தீரும்.

கேள்வி: 1990இல் வந்த நான்கு சிடி பெட்டியை ஒருவர் இணையத்தில் விற்கிறார். யானை விலை சொல்கிறார். வாங்கலாமா? (வாசகர், சென்னை)

பதில்: 15ஆம் ஆண்டு நிறைவுக்கு வந்த அந்தப் பெட்டியின் பெருமை படப் பாடல்களில் இல்லை, கூடவே வரும் மேடை நாடகப் பதிவுகளில் இருக்கிறது. அவற்றில் ஆசை இருந்தால் மட்டும் பேரம் பேசுங்கள். தட்டை விளக்குக்கு எதிரே பிடித்து, ஊசித் துளைபோல வெளிச்சம் தெரிகிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தெரிந்தால் உலோகப் பூச்சு கெட ஆரம்பித்துவிட்டது. மறுத்தால் விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் அந்தக் காசில் 1973 லண்டன் மேடைக் குழுவின் பதிவைத் தேடுவேன். படத்தின் தொடக்கத்தில் கறுப்புத் திரையில் சிவப்பு உதடுகள் பாடுமே, அந்த உதடுகள் நடிகை பட்ரீஷியா குவின்னுடையவை, குரல் ஓ’பிரையனுடையது. லண்டன் ராயல் கோர்ட் அரங்கின் மாடியில் நாடகம் தொடங்கியபோது அதே பாட்டைப் பாடியவர் குவின்தான். அந்தக் குரலை லண்டன் பதிவில் கேட்கலாம். இன்னொரு ரீமிக்ஸைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஜாக்கிரதை: 1973 லண்டன், 1974 லாஸ் ஏஞ்சலஸ் ராக்ஸி அரங்கு, 1975 படம் மூன்றையும் ஒரே பெயரில் போட்டு விற்பார்கள். டிம் கரி மூன்றிலும் இருப்பதால் அவர் பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. ஆண்டையும் பாட்டுப் பட்டியலையும் பாருங்கள். 1983இல் நியூயார்க் திரையரங்கு ஒன்றில் பதிவான தட்டும் சுற்றுகிறது. அதில் படம் முழுக்க ரசிகர்கள் கத்திக்கொண்டே இருப்பார்கள். ஒரு தடவை கேட்கச் சிரிப்பாக இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் தபால் செலவு, சுங்க வரி, வரி வசூலித்துத் தருபவரின் கட்டணம் எல்லாம் சேர்த்து விலையைப் போட்டுப் பாருங்கள். உள்ளூர்த் தளத்தில் வாங்கி, ‘விரிவான பதிப்பு’ என்று சொல்லிவிட்டு 14 பாட்டுச் சாதா சிடி வந்தால், விற்பனைப் பக்கத்தின் படத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு முதலில் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுத்து வைத்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.