நட்சத்திரங்கள் இருமுவதில்லை

கேள்வி: ஹாலிவுட் படங்களில் ஹோட்டல் தீப்பிடிக்கிறது, எரிமலை வெடித்து ஹோட்டலைப் பொசுக்குகிறது, சுனாமி ஹோட்டலுக்குள் புகுகிறது. ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’வை நான் ஐந்து முறை பார்த்திருக்கிறேன். மக்களுக்கு எச்சரிக்கை மணி அடிக்கும் இத்தகைய படங்களை எடுக்கத் தமிழில் ஒருவருக்கும் துணிவில்லையா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: துணிவு இருக்கட்டும், பெயரிலேயே சிக்கல் இருக்கிறது. தமிழில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம், தங்குவதற்கு லாட்ஜ். ‘ஹோட்டலில் பேரழிவு’ என்று போஸ்டர் ஒட்டினால், சாம்பார் தீர்ந்துபோன கதையாக்கும் என்று ஜனங்கள் அடுத்த தியேட்டருக்குப் போய்விடுவார்கள்.

ஐந்து முறை பார்த்த படத்தை ஆறாவது முறையும் பாருங்கள். அதில் எரிவது ஹோட்டலே இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் அலுவலகங்களும் வீடுகளும் கொண்ட 138 மாடிக் கட்டடம். திறப்பு விழா விருந்து 135-ஆவது மாடியில் நடக்கும்போது, காசை மிச்சம் பிடிக்கப் போட்ட மட்டமான ஒயரால் கீழே தீப்பிடிக்கிறது. 1974-இல் வந்து வசூலை அள்ளியது. அதைத் தயாரித்த இர்வின் ஆலன் நிஜமாகவே ஒரு ஹோட்டல் படம் எடுத்தார்: ‘வென் டைம் ரான் அவுட்’. பசிபிக் தீவு, குமுறும் எரிமலை, அதன் காலடியில் சொகுசு ஹோட்டல், ‘இன்ஃபெர்னோ’வில் நடித்த அதே பால் நியூமன். 1980 மார்ச்சில் வெளியாகி, வந்த வேகத்தில் சுருண்டது. திரையில் எரிமலை வெடித்தபோது அலறுவதற்குத் தியேட்டரில் ஆள் இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி லாஸ் வேகஸில் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டல் எரிந்தது. பெயரைக் கவனியுங்கள். கர்ஜிக்கும் சிங்கத்தை முத்திரையாகக் கொண்ட திரைப்பட நிறுவனம் கட்டிய ஹோட்டல் அது. பெயரில் உள்ள ‘கிராண்ட்’ கூட, அந்த நிறுவனம் 1932-இல் எடுத்த ‘கிராண்ட் ஹோட்டல்’ படத்தின் நினைவாக வைத்ததுதான். சினிமாக்காரர்கள் கட்டிய 26 மாடி ஹோட்டலில் தீ எப்படித் தொடங்கியிருக்க வேண்டும்? குண்டு வெடித்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் ஒரு வில்லனாவது இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. தரைத்தளச் சிற்றுண்டிக் கடையில் கேக் வகைகளை அடுக்கி வைக்கும் குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. அதன் இயந்திர அதிர்வில் மின்கம்பியின் மேலுறை உராய்ந்து உராய்ந்து தேய்ந்துகொண்டிருந்தது. அன்று காலை ஏழு மணி வாக்கில் சுவருக்குள் கனன்றுகொண்டிருந்த தீ வெளியே வந்தது.

அந்தக் கடையில் ஸ்பிரிங்க்ளர், அதாவது தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானே தண்ணீர் தெளிக்கும் குழாய், கிடையாது. கட்டும்போது விலக்கு வாங்கியிருந்தார்கள். அதற்குச் சொன்ன காரணம், கடை இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும், தீ என்றால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பது. நியாயம்தானே? பின்னாளில் கடையின் நேரத்தைக் குறைத்தார்கள். விலக்கை மட்டும் குறைக்கவில்லை. தீப்பிடித்த நேரத்தில் கடை பூட்டிக் கிடந்தது.

தீ சில நிமிடங்களில் சூதாட்டக்கூடத்தைத் தின்று தீர்த்தது. ஆனால் தரைத்தளத்தைத் தாண்டி மேலே பெரிதாக ஏறவில்லை. இறந்தவர்கள் 85 பேர். அவர்களில் 61 பேர் இறந்தது மேல்மாடிகளில், பெரும்பாலும் தீயின் நிறத்தைக்கூடப் பார்க்காமல். லிஃப்ட் குழி வழியாக, படிக்கட்டு வழியாக, ஏசி குழாய் வழியாகப் புகை ஏறியிருந்தது. தப்பிக்க நினைத்துப் படிக்கட்டுக்குள் போனவர்களுக்குப் பின்னால் கதவு தானே சாத்திக்கொண்டது. உள்பக்கமிருந்து திறக்க முடியாத கதவு. கீழே புகை, திரும்பிப் போக வழியில்லை.

இதைத்தான் உங்கள் படங்கள் காட்டுவதில்லை. படம் எடுப்பவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. புகை காமிராவுக்கு ஆகாது. உண்மையான அளவுக்குப் புகையை நிரப்பினால் திரையில் சாம்பல் நிறம்தான் தெரியும். கோடிகள் கொடுத்து அழைத்து வந்த முகம் தெரியாது. ஆகவே சினிமாவில் நெருப்பு எப்போதும் சுத்தமான ஆரஞ்சு நிறம். கதாநாயகன் அதன் பக்கத்தில் நின்று நான்கு வரி வசனம் பேசுகிறான், நெற்றியில் ஒரே ஒரு கரிக்கோடு. ஒரு தடவை இருமுகிறானா? அவன் மூன்று மூச்சில் மயங்கி விழுந்தால் மீதி இரண்டு மணி நேரத்துக்கு என்ன செய்வது?

சுனாமிப் படம் என்று நீங்கள் சொல்வது 2012-இல் வந்த ‘தி இம்பாசிபிள்’ என்றால், அதில் தாய்லாந்துக் கடற்கரை விடுதியில் பிழைக்கும் ஆங்கிலேயக் குடும்பம் நிஜத்தில் ஸ்பெயின் நாட்டுக் குடும்பம். அதே டிசம்பர் 26 அலைதான் நாகப்பட்டினத்துக்கும் வந்தது. அங்கே கரையோரம் நீச்சல்குளம் இல்லை, அதனால் ஹாலிவுட்டிலிருந்து யாரும் காமிராவைத் தூக்கிக்கொண்டு வரவில்லை.

எச்சரிக்கை மணிக்கு வருவோம். 2025 ஏப்ரல் 29 இரவு கொல்கத்தாவின் படாபஜார் பகுதியில் ஒரு ஹோட்டலில் தீ, 14 பேர் பலி. இங்கும் புகைதான். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போன குழந்தைகளும் உண்டு. அந்தக் கட்டடத்தில் ஜன்னலை அடைக்கச் சொன்னவரும் அடைத்த கொத்தனாரும் தீப்பிடிக்கும் படம் எதையும் பார்த்தே இருக்கமாட்டார்கள் என்கிறீர்களா? பார்த்திருப்பார்கள், கை தட்டியும் இருப்பார்கள். திரையில் எரிவது எப்போதும் வானளாவிய கட்டடம். நம்முடையது ஐந்தாறு மாடிதானே!

உங்களையே கேட்கிறேன். நீங்கள் கடைசியாகத் தங்கிய லாட்ஜில் இரண்டாவது மாடிப்படி எந்தப் பக்கம் இருந்தது? இருந்ததா?

எனக்கும் இந்த ஞானம் தாமதமாகத்தான் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் லாட்ஜ் ஒன்றில் தங்கினேன். அறைக் கதவின் பின்புறம் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. ‘அவசர வழி’ என்று சிவப்பு அம்புக்குறி. தூக்கம் வராத இரவு, பொழுதுபோகாமல் அந்த அம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வராந்தா கோடியில் இரும்புக் கதவு. அதன்மீது சாய்த்து வைத்த பழைய மெத்தைகள் ஏழு, எண்ணினேன். மெத்தைகளை விலக்கினால் ஒரு கொழுத்த பூட்டு. தண்ணீர் ஜாடியுடன் வந்த ரூம் பையனைக் கேட்டேன்.

“திறந்து வைத்தால் வாடகை கொடுக்காமல் போய்விடுகிறார்கள், சார்.”

“தீப்பிடித்தால்?”

“சாவி மேனேஜரிடம் இருக்கிறது, சார்.”

“மேனேஜர் எங்கே?”

“ஒன்பது மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார்.”